பொது இடம்தானே, படம் எடுத்தால் என்ன?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் குடியிருக்கும் தாமானின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறதாம். இரவுச் சந்தையில் கரும்புச்சாறு கடைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டு தனக்குத்தானே பேசுகிறார், வாயை மெல்லுகிறார், ஓர் இடத்தில் நிற்காமல் காலை மாற்றி மாற்றி வைக்கிறார். யாரோ அதற்கு ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து டிக்டாக்கில் போட, அது சுற்றிச் சுற்றி அதே ஊர்க் குழுவுக்கே வந்துவிட்டது. சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டுகின்றன. தம்பி மட்டும் ‘வேண்டாமே, பாவம்’ என்று எழுதியிருக்கிறார். பதில் மூன்றாக வந்திருக்கிறது: பொது இடம்தானே, எடுத்தால் என்ன? அந்த ஆளுக்கே தெரியாது, இதில் யாருக்கு நட்டம்? தோட்டத்தில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாத ஆளா நாம்? ‘எனக்கு வாயடைத்துப் போச்சு அங்கிள், என்ன சொல்றது?’ என்கிறார்.

நான் பேராக்கில் மனநலப் பிரிவுகளில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர்கள். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. காணொளியில் இருப்பவருக்கு என்ன நோய் என்று நான் சொல்லப் போவதில்லை. பத்துப் பதினைந்து விநாடி படத்தைப் பார்த்து நோய் சொல்ல யாராலும் முடியாது. குழுவில் ஏற்கெனவே ஒருவர் ‘தண்ணி கேஸ்’ என்றும் இன்னொருவர் ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ (மனநல மருத்துவமனை இருக்கிற ஊர்) என்றும் தீர்ப்பு எழுதிவிட்டார்களாம். மூன்றாவது நீதிபதியாக நான் வேண்டாம். ஆனால் அப்படித் தெரிகிற பல பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பொதுவாக என்ன நடக்கிறது என்று சொல்லலாம்.

சிலர் எந்நேரமும் எதையோ மெல்லுவதுபோல் தாடையை ஆட்டுவார்கள். நாக்கு சட்டென்று வெளியே வந்து உள்ளே போகும். உதடு சப்புக்கொட்டும். வாயில் வெற்றிலையும் இருக்காது, ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் அது நோயே இல்லை, மருந்து விட்டுப்போன தடம். ஹாலோபெரிடோல், குளோர்புரோமசின், மாதாமாதம் போடுகிற ஃபுளூபெனசின் ஊசி போன்ற பழைய மருந்துகளை வருடக்கணக்கில் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது இது வருகிறது. காதில் கேட்கும் குரல்களை அடக்க அந்த மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. உடம்பின் அசைவை ஒழுங்குபடுத்துவதும் அதே டோபமின்தான். பல வருடம் தடுத்து வைத்தால் வாயும் நாக்கும் சொன்னபடி கேட்பதில்லை. மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு அது போவதில்லை. காலை மாற்றி மாற்றி வைப்பதும் அநேகமாக இதே மருந்துகளின் வேலைதான். உள்ளுக்குள் ஒரு தவிப்பு இருக்கும்; உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும். கை வீசாமல் சின்னச் சின்ன அடி வைத்து நடப்பது, முகம் மரத்ததுபோல் இருப்பது, எச்சில் வடிவது எல்லாமே இந்த வகைதான்.

ஆக, நம் ஆட்கள் பாட்டுப் போட்டுச் சிரிக்கிற அசைவு, பல நேரங்களில், ஒரு மனுஷர் ஒழுங்காகக் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டதற்கான அத்தாட்சி. மருந்தை எடுக்காமல் கத்திக்கொண்டு திரிகிறவரை யாரும் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பதில்லை, பயம். அமைதியாகச் சந்தைக்கு வந்து கரும்புச்சாறு வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

‘தண்ணி கேஸ்’ என்று முடிவு கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மிடம்தான் அதிகம். இன்சுலின் போட்டுக்கொண்டு நேரத்துக்குப் பசியாறாமல் விட்டால் சர்க்கரை இறங்கும். வேர்க்கும், தள்ளாடும், நாக்குக் குழறும், சிலர் காரணமில்லாமல் சண்டைக்கு வருவார்கள். பார்க்கக் குடித்தவர்போலவே இருக்கும். அவர் கண்விழித்து விழுங்குகிற நிலையில் இருந்தால் சீனி கரைத்த தண்ணியோ இனிப்புப் பானமோ கொடுத்தால் தெளிந்துவிடுவார். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999-ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசியை நீட்டி ‘மச்சான், ஃபுல்லு’ என்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஆளே போய்விடலாம். வலிப்பு என்றால் கீழே விழுந்து வெட்டுவது மட்டும்தான் நமக்குத் தெரியும். விழாமல் நின்றபடியே சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு, உதட்டைச் சப்பிக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் இருக்கிற வலிப்பும் உண்டு. முடிந்த பிறகு அவருக்கு அது ஞாபகமும் இருக்காது. காணொளிதான் ஞாபகப்படுத்தும்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் கதை இன்னும் மோசம். காலமெல்லாம் பால் வெட்டினவர். தோட்டம் செம்பனையாக மாறி, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) உடைத்து, மகன் தாமானில் வீடு வாங்கி அழைத்து வந்துவிட்டார். மறதி நோய் வந்த பிறகு நேற்று சாப்பிட்டது போய்விட்டது, நாற்பது வருடப் பழக்கம் மட்டும் மிச்சம் நின்றது. விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னால் எழுந்து, தலையில் துண்டைக் கட்டி, ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு முச்சந்தியில் போய் நிற்பார், பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு) போகிற லாரிக்காக. காடியில் போன ஒருவருடைய முன்கண்ணாடிக் கேமராவில் அது பதிவாகி, ‘தாமானில் பேய் நடமாட்டம்’ என்று ஊரெல்லாம் சுற்றியது. பின்னணியில் நாய் ஊளையிடும் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். மகனுக்கு வெட்கம். கிரில்லுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்குப் பாட்டி அந்தக் கிரில்லைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பார், ‘கிராணி பேர் வெட்டிருவான், தொறங்கடா’ என்று. கிராணி என்றால் தோட்டத்தில் பேர் பதிகிற கணக்கர். எடுத்தவர் கெட்டவர் இல்லை. அடுத்த தெருவில் இருப்பவர். காடியை நிறுத்தி ‘பாட்டி, எங்க போறீங்க?’ என்று கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

சரி, ‘அவருக்கே தெரியாது, யாருக்கு நட்டம்?’ என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்.

தெரியும். ஊர் சின்னது. அக்காள் மகன் காட்டுவான், ஒட்டுக்கடையில் யாராவது ‘அண்ணே, நீங்க ஸ்டாராயிட்டீங்க’ என்பான். ஸ்கிட்சோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு உலக அளவில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 30,000 பேர் இருக்கிற ஊர் என்றால் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோயில் பலருக்கு வருகிற பெரிய பயம் என்ன தெரியுமா? எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், என்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள், எங்கேயோ ஒளிந்துகொண்டு என்னைப் படம் எடுக்கிறார்கள் என்பது. மருந்து ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், வீட்டார் ஒரு பக்கம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து, ‘இல்லப்பா, யாரும் உன்னைப் பார்க்கல, அவங்க அவங்க வேலையைப் பார்க்கிறாங்க’ என்று சொல்லிச் சொல்லித்தான் அவரைக் கடைத்தெருவுக்கே வர வைக்கிறோம். அவர் வந்த அன்றைக்கு ஒருவன் ஒளிந்து நின்று படம் எடுக்கிறான். ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். பார்த்துச் சிரிக்கிறார்கள். இனிமேல் அவருக்கு நான் என்ன சொல்வது? ‘உன் சந்தேகம் நோய்’ என்றா?

அடுத்து நடப்பது கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரி. முதலில் சந்தைக்குப் போவது நிற்கும். அப்புறம் பஸ் ஏறுவது நிற்கும், கிளினிக் போவது நிற்கும், ஊசி நிற்கும். சில வாரமோ சில மாதமோ கழித்துக் குரல்கள் திரும்ப வரும். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ், போலீஸ், வார்டு. 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கு இன்று ஹாஸ்பிட்டல் பஹாகியா என்று பெயர். ஊர் வாயில் அது இன்னும் ஏசுவதற்கான சொல்லாகவே இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டு, முற்றிய பிறகு கொண்டுவந்த குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இவ்வளவு சொன்னதால் ஒரு தப்பான முடிவுக்கு வந்துவிடாதீர்கள்: நோயாளியென்றால் சிரிக்கக்கூடாது, மற்றவரென்றால் சிரிக்கலாம் என்று. வித்தியாசமாக இருக்கிற எல்லாருக்கும் நோய் இருக்க வேண்டும் என்று கட்டாயமா? ஒருவருக்கு இரவுச் சந்தையில் பாட்டுக் கேட்டால் ஆடப் பிடிக்கும். இன்னொருவர் அறுபது வயதில் ரோஸ் கலர் சட்டை போடுவார். திருநங்கை ஒருவர் காய்கறி வாங்க வருவார். வங்காளதேசத் தொழிலாளர்கள் நான்கு பேர் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள். அவர்கள் ஊரில் நண்பர்கள் அப்படித்தான் நடப்பார்கள். அதையும் எடுத்துப் போட்டு நம் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நம் தாத்தா பாட்டி வேட்டி சேலையோடு இந்த மண்ணில் இறங்கி நடந்தபோது அவர்களையும் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அன்றைக்குக் கைப்பேசி இல்லாமல் போனது அவர்கள் அதிர்ஷ்டம். நோய்ச் சீட்டைக் காட்டினால்தான் மரியாதை என்றால், அது மரியாதையே இல்லை.

தோட்டத்துப் பட்டப்பெயர் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். உண்மைதான். நொண்டி, ஊமை, கிறுக்கு என்று பெயருக்கு முன்னால் ஒட்டித்தான் கூப்பிட்டோம். பிள்ளைகள் கல் எறிந்ததும் உண்டு. தோட்டம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால் அங்கே சிரித்தவனுக்கும் சிரிக்கப்பட்டவருக்கும் ஒரே குழாயடி, ஒரே பெரட்டுக் களம், ஒரே மாரியம்மன் கோவில். கல் எறிந்த பயலின் காதைத் திருக அந்த ஆளின் சித்தி பக்கத்து லயத்திலேயே இருந்தார். இவர் இப்படி ஆனது எந்த மரம் விழுந்ததால், எந்தக் காய்ச்சலால், எந்தப் பிள்ளை செத்த பிறகு என்று எல்லாருக்கும் கதை தெரியும். திருவிழாச் சாப்பாட்டில் அவருக்கும் இலை விழும். கேலி இருந்தது, அதோடு சேர்ந்து கணக்குத் தீர்க்கவும் வழி இருந்தது. இன்றைக்குக் காணொளியைப் பார்க்கிற ஜொகூர்க்காரனுக்கும் சென்னைக்காரனுக்கும் அந்தச் சித்தி யார் என்று தெரியாது. அவன் பார்ப்பது ஒரு வாயும் ஒரு பாட்டும்தான். இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர்கள் தோட்டத்தை மறந்துவிட்டார்கள், அல்லது வசதியாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

குழுவில் பேச இன்னொரு விஷயம் கைகொடுக்கும். 2025 மார்ச்சில் ஒரு மலாய் வானொலியின் அறிவிப்பாளர்கள் ‘வேல் வேல்’ என்று சொல்லிக் காவடியாட்டத்தைக் கிண்டல் செய்து காணொளி போட்டார்கள். நாடு முழுவதும் கொதித்தோம், புகார் கொடுத்தோம். அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் அபராதமும் விழுந்தது. நியாயமான கோபம். ஆனால் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும், ஈப்போ கல்லுமலையாக இருக்கட்டும் பத்துமலையாக இருக்கட்டும், அருள் வந்து ஆடுகிற ஏதோ ஓர் அக்காவைப் பக்கத்தில் போய் எடுத்து ‘ஓவர் ஆக்டிங்’ என்று போடுகிறவர்கள் யார்? நாம்தான். அடுத்தவன் செய்தால் அவமதிப்பு, நாம் செய்தால் ஜோக்கா என்று கேளுங்கள். அநேகமாகக் குழு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் வக்கீல் இல்லை. பொது இடத்தில் படம் எடுப்பது மட்டுமே குற்றமாகாது என்பது பொதுவாகச் சரிதான். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிகப் பரிவர்த்தனைகளைத்தான் பார்க்கிறது. எடுத்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல் வருகிறது. 2024 ஜூலையில், ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட நம் பெண் இணையக் கேலி தாங்காமல் இறந்துபோனார். அதற்கு முந்தைய நாள்தான் போலீஸில் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் ஒருவருக்குச் சிறு குற்றச் சட்டப்படி 100 ரிங்கிட் அபராதம் மட்டும் விழ, நாடே கொந்தளித்தது. அதற்குப் பிறகுதான் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் சேர்ந்து, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. மனவேதனை தரும் நோக்கத்தோடு ஒருவரை அவமதித்தால் 3 ஆண்டு வரை சிறை. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் அதே ஆண்டு பிப்ரவரியில் இறுகியது: அபராதம் 500,000 ரிங்கிட் வரை, சிறை 2 ஆண்டு வரை. ஒவ்வொரு சிரிப்புப் பொம்மைக்கும் வழக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ‘பொது இடம்தானே’ என்பது எல்லாவற்றுக்கும் பதில் ஆகாது, அவ்வளவுதான்.

இதே சட்டத்தில் 507இ என்று ஒன்று உண்டு, நல்லெண்ணக்காரர்கள் கவனிக்க வேண்டியது. ஒருவரை அலைக்கழிக்கும் நோக்கத்தோடு அவருடைய பெயர், முகவரி, படம் போன்ற அடையாள விவரங்களை வெளியிடுவதும் குற்றம். படம் எடுத்தவனின் வீடு எது, எந்த ஃபேக்டரியில் வேலை என்று கோபத்தில் எழுதிப் போடாதீர்கள். ‘அவர் எங்க மாமா, அவருக்கு இந்த நோய், அந்தத் தாமானில் இருக்கார், விட்டுடுங்க’ என்று பரிந்து எழுதுவதும் வேண்டாம். அது சட்டப்படி குற்றமோ இல்லையோ, இதுவரை முகம் மட்டும் தெரிந்த ஆளுக்குப் பெயரையும் முகவரியையும் நீங்களே சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். அப்புறம் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை அவர் கையில் திணித்து, அதையும் காணொளியாக எடுத்துப் போடுகிற தர்மவான்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. டிக்டாக்கில் அந்தக் காணொளியின் கீழே போய்ச் சண்டை போடாதீர்கள். எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள், எத்தனை பேர் கருத்து எழுதினார்கள் என்பதை வைத்துத்தான் அது மேலும் பலருக்குப் போகிறது. உங்கள் திட்டும் அதற்குத் தீனிதான். ‘ரிப்போர்ட்’ பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். முடிந்தால் அதற்கு முன் கணக்கின் பெயர், தேதி, இணைப்பு தெரிகிற மாதிரி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். குடும்பம் போலீஸுக்கோ எம்.சி.எம்.சி. என்கிற தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கோ புகார் கொடுக்க நினைத்தால் தேவைப்படும்.

குழுவைப் பொறுத்தவரை, பொதுவில் பாடம் நடத்த வேண்டாம். நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அங்கே ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், உங்களுக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். குழு நிர்வாகியைத் தனியாகக் கூப்பிடுங்கள், எழுதாமல் பேசுங்கள். மற்றவர் போட்டதையும் எல்லாருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி நிர்வாகிக்குப் புலனத்தில் இருக்கிறது. அது தெரியாமலேயே பலர் ‘நான் என்ன செய்ய?’ என்கிறார்கள். போட்டவரையும் தனியாகவே பிடியுங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டால் வீம்புக்கு நிற்பவர், தனியாக ‘அண்ணே, அவங்க அம்மா இன்னும் இருக்காங்கண்ணே’ என்று சொன்னால் எடுத்துவிடுவார். குழுவை விட்டு விலகுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். விலக வேண்டாம், தம்பி. அந்த முப்பது நாற்பது பேரில் பாதிப் பேர் சிரிப்புப் பொம்மை போடாமல் சும்மா இருந்திருப்பார்கள். ‘வேண்டாமே’ என்று எழுதியவர் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக, அந்த ஆளை உங்களுக்குத் தெரியும் என்றால், அல்லது தெரிந்தவர் வழியாக வீடு தெரியும் என்றால், ஒரு நடை போய் வாருங்கள். காணொளியைக் காட்டாதீர்கள், அதைப் பற்றி அவரிடம் நீங்களாகப் பேச்சும் எடுக்க வேண்டாம். வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் மட்டும் இப்படி ஒன்று சுற்றுகிறது, அழிக்கச் சொல்லியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வெளியே வர மறுக்கிறாரா என்று விசாரியுங்கள். சாகிறேன் என்று எதையாவது சொன்னால் அதைச் சும்மா விடக்கூடாது. சுகாதார அமைச்சின் 15555 இருக்கிறது, 24 மணி நேரமும் எடுக்கிற பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இருக்கிறது, உடனடி ஆபத்து என்றால் 999. மருந்து எடுப்பவராக இருந்தால் அடுத்த கிளினிக் தேதி என்ன என்று கேட்டு, அன்றைக்குக் காடியில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லுங்கள். தேதி ஏற்கெனவே தவறிப்போயிருந்தாலும் போகலாம். திட்டுவார்கள் என்று பயந்துதான் பலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். கவுண்டரில் ஒரு முனகல் முனகுவார்கள், அப்புறம் உள்ளே கூப்பிட்டு ஊசியைப் போட்டுவிடுவார்கள்.